தாத்தாவின் அஞ்சலிப் பலகையில் எந்தப் படத்தைப் போடுவது?

பூவரசு:

எங்கள் தாத்தா சென்ற வெள்ளிக்கிழமை விடியற்காலையில் காலமானார். வயது 91. படுக்கையில் கிடக்கவில்லை. முந்தின நாள் மாலைகூட ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டிருக்கிறார்.

ஊர், வேலூருக்குத் தெற்கே கம்மவான்பேட்டையைத் தாண்டி வரும் சிற்றூர். கம்மவான்பேட்டையைப் பற்றி இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். எங்கள் ஊர் அந்த அளவுக்கு இல்லை, தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள்.

1953இல் பெங்களூரில் மதராஸ் சாப்பர்ஸ் என்னும் ராணுவப் பிரிவில் சேர்ந்தார். 1975இல் ஹவில்தாராக வெளியே வந்தார். பிறகு ஒரு வங்கியின் வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு 18 ஆண்டுகள் காவல். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தச்சு வேலை. அறுபது வயதுக்குப் பிறகு மானாவாரி நிலக்கடலை, ஆடு, மறுபடியும் தச்சு. மூன்று பெண்களையும் ஒரு பையனையும் படிக்கவைத்துக் கரையேற்றினார்.

இப்போது வீட்டில் ஒரு வழக்கு. காரியத்தன்று பெரிய அஞ்சலிப் பலகை வைக்க வேண்டும் என்கிறார் மாமா. பதக்கங்களோடு சீருடையில் இருக்கும் படத்தைப் போட்டு, கீழே ‘முன்னாள் ராணுவ வீரர்’ என்று எழுத வேண்டுமாம். பெரியம்மாவும் என் அம்மாவும் அதற்கு ஒப்பவில்லை. பனியனோடு, காதில் பென்சில் செருகிக்கொண்டு, இழைத்த பலகையை ஒரு கண்ணை மூடிப் பார்க்கும் படம் ஒன்று இருக்கிறது. ‘அதுதான் எங்கள் அப்பா’ என்கிறார்கள். ஆயாவிடம் (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம்) கேட்டால் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருக்கிறாள், வாயைத் திறக்கவில்லை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பாலாற்று மணல்:

ஆழ்ந்த இரங்கல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சீருடைதான். பனியனோடு தச்சு வேலை செய்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர். 22 ஆண்டுகள் எல்லையில் நின்றவர்கள் எத்தனை பேர்? மாமா சொல்வது சரி.

ஒற்றைப்பனை:

இரங்கல்கள். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். சாப்பர்ஸ் என்றால் பாலம் கட்டுவது, சாலை போடுவது போன்ற பொறியியல் வேலைதானே? ‘எல்லையில் நின்றவர்’ என்று அவர்களைச் சொல்வது பொருந்துமா?

பழைய தம்பி:

ஒற்றைப்பனை, உங்களைத் திட்டாமல் பதில் எழுத இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். நானும் அந்தக் கூட்டம்தான். எங்களுக்கு ராணுவத்தில் செல்லப்பெயர் ‘தம்பி’. பஞ்சாப் அதிகாரியும் கூர்க்கா சிப்பாயும் எங்களைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். என் பெயர்க்காரணம் அதுதான்.

காலாட்படை முன்னேறுவதற்கு முன்னால் கண்ணிவெடி வயலில் யார் இறங்குவது? டாங்கி போக வழி யார் திறப்பது? ஒரு கம்பியோடு குப்புறப் படுத்து, மண்ணை விரல்கடை விரல்கடையாகக் குத்திப் பார்த்துக்கொண்டே போவது சாப்பர்தான். துப்பாக்கியைக்கூட அந்த நேரத்தில் கையில் பிடிக்க முடியாது.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில், 1944இல் மிக்னானோ என்னும் இடத்தில், எங்கள் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் வெடிக்கப்போகும் கண்ணிவெடியின் மேல் தன் உடம்பைப் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றினார். இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் என்னும் பிரிட்டிஷ் வீர விருது கொடுத்தார்கள். காஞ்சிபுரம் பக்கத்துத் தமிழர். பொறியியல் வேலைதான், ஐயா.

பூவரசு, தாத்தா 71 பாகிஸ்தான் போரில் கிழக்கு, மேற்கு எந்தப் பக்கம் இருந்தார்?

ஒற்றைப்பனை:

மன்னியுங்கள். உண்மையிலேயே தெரியாது. இப்போது தெரிந்துகொண்டேன்.

பூவரசு:

பழைய தம்பி ஐயா, மேற்குப் பக்கம். ‘பசந்தர்’ என்று ஓர் ஆற்றின் பெயர் சொல்வார். அதற்கு மேல் கேட்டால், ‘குளிர். மண் ஈரம். வயிறெல்லாம் நனைந்துவிட்டது’ என்பார். மூன்று வாக்கியம். எத்தனை முறை கேட்டாலும் அதே மூன்று, அதே வரிசையில்.

பழைய தம்பி:

பசந்தரா! அப்படியானால் அந்த மூன்று வாக்கியத்துக்குள் நிறைய இருக்கிறதம்மா.

பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதி. 1971 டிசம்பர் 15ஆம் தேதி இரவு. ஆற்றைக் கடந்து காலாட்படை அந்தக் கரையில் கால் ஊன்றிவிட்டது. பின்னால் டாங்கி போய்ச் சேராவிட்டால் விடிந்ததும் அவர்கள் கதி அதோகதி. நடுவே கண்ணிவெடி வயல். சாப்பர்கள் வழி திறந்துகொண்டிருக்கிறார்கள், பாதிதான் முடிந்திருக்கிறது. அதற்குள் எதிரி டாங்கிகள் நடமாடுவதாகச் செய்தி வருகிறது. பூனா ஹார்ஸ் படைப்பிரிவு இனிக் காத்திருக்க முடியாது என்று, முழுதாகச் சுத்தம் செய்யாத வயல் வழியாகவே டாங்கிகளை ஓட்டியது. மறுநாள், 16ஆம் தேதி, அந்தப் படையின் செகண்ட் லெஃப்டினன்ட் அருண் கேத்தர்பால் எரியும் டாங்கியை விட்டு இறங்க மறுத்துச் சண்டையிட்டு இறந்தார். வயது 21. பரம் வீர் சக்ரா.

கேத்தர்பாலை நாடு அறியும், அறியவும் வேண்டும். அந்த டாங்கிகள் உருண்டுபோன மண்ணில் அதற்கு முன் வயிறு நனையப் படுத்துக் கிடந்தவர்களின் பெயரை அவரவர் வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். பலகையில் சீருடைப் படம் போடுங்கள்.

கிணற்றடி:

எல்லோரும் சீருடைக்கே ஓட்டுப் போடுகிறீர்கள். நான் மாற்றிப் பேசப்போகிறேன். என் அப்பாவும் பட்டாளத்துக்காரர்தான், ஆகவே பேச எனக்கு உரிமை உண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு இரண்டு மாத விடுப்பு. 22 ஆண்டுக்கு 44 மாதம். இடையில் கிடைத்த சில்லறை விடுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீதியெல்லாம் அந்த வீட்டை இழுத்தது யார்? மாமியாருக்கு மருந்து, மாட்டுக்குத் தீவனம், பிள்ளைக்குக் காய்ச்சல், கிணற்றில் தண்ணீர் இல்லை, நிலத்தில் பங்காளி வரப்பைத் தள்ளிவிட்டான் என்று அத்தனையையும் ஒரு பெண் தனியாகத் தூக்கிச் சுமந்திருக்கிறாள். மணியார்டர் வந்தது, மறுக்கவில்லை. மணியார்டர் இரவில் எழுந்து பிள்ளைக்குக் கஷாயம் போடாது.

என் அப்பா ஓய்வுபெற்று வந்தபோது எனக்கு 11 வயது. விருந்தாளி எப்போது போவார் என்று அம்மாவிடம் கேட்டேனாம். ஆகவே ‘குடும்பத்துக்காக உழைத்தவர்’ என்று பலகையில் எழுதுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசியுங்கள். குறை சொல்லவில்லை. அவரவர் செய்ததை அவரவர் கணக்கில் எழுதுங்கள் என்கிறேன்.

பாலாற்று மணல்:

சாவு வீட்டில் இப்படிப் பேசுவது அழகா? நாட்டுக்காகப் போனவரைக் குடும்பத்தைக் கவனிக்கவில்லை என்கிறீர்கள்.

கிணற்றடி:

நான் அப்படி எழுதவில்லை. இன்னொரு முறை படியுங்கள்.

மட்டுறுத்துநர்:

நிதானம். இழையைத் தொடங்கியவர் துக்கத்தில் இருக்கிறார் என்பதை மறக்க வேண்டாம்.

பூவரசு:

கிணற்றடி அக்கா எழுதியதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டாள். அம்மாவும் சிறுவயதில் தாத்தாவைப் ‘பட்டாளத்து மாமா’ என்றுதான் கூப்பிட்டாளாம். தெருவில் மற்ற பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டதால் அதுதான் அவர் பெயர் என்று நினைத்துக்கொண்டாள்.

பதான்கோட்டிலிருந்து டெல்லி, அங்கிருந்து கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் மதராஸ், பிறகு காட்பாடி, அப்புறம் பஸ். வந்து இறங்கும்போது மனிதர் புகைக்கரியாக இருப்பாராம். பிள்ளைகள் பயந்து தானியக் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அவர் கூப்பிட மாட்டார். திண்ணையில் உட்கார்ந்து மரத்துண்டு ஒன்றைச் செதுக்க ஆரம்பிப்பார். பம்பரமோ மாடோ உருவாகும். அது முடிவதற்குள் ஒவ்வொன்றாக வெளியே வந்துவிடும்.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதத்தைத் தபால்காரரோ பள்ளிக்கூட வாத்தியாரோதான் படித்துச் சொல்ல வேண்டும். ஊரே கேட்கும் கடிதத்தில் என்ன எழுத முடியும்? ‘நலம். நலமறிய ஆவல். சிவப்புப் பசு ஈன்றதா?’ அவ்வளவுதான். ஆனால் இன்லண்டு லெட்டரின் மடிப்பு ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள் போட்டிருப்பார். அடுத்த விடுப்புக்கு எத்தனை மாதமோ அத்தனை கோடு. அதை மட்டும் ஆயா யாரிடமும் கொடுக்காமல் தானே எண்ணிக்கொள்வாள். அனுப்புநர் முகவரி எப்போதும் 56 ஏ.பி.ஓ. அது ராணுவத் தபால் எண் என்று தெரியாமல், ஐம்பத்தாறு என்பது வடக்கே ஏதோ ஓர் ஊர் என்று பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். ‘ஐம்பத்தாறில் மழை பெய்ததா?’ என்று ஒருமுறை எழுதச் சொன்னாளாம். ‘இங்கே நல்ல மழை’ என்று பதில் வந்திருக்கிறது. அவர் திருத்தவே இல்லை.

கிணற்றடி:

கோடு போட்ட மனிதர்மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. முதல் பதிவிலேயே இதை எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

உளிச்சத்தம்:

நான் தச்சுக் குடும்பம். ஒரு சந்தேகம். உங்கள் தாத்தா எங்கள் குலம் இல்லை என்று தெரிகிறது. அந்தக் காலத்தில், அதுவும் கிராமத்தில், ஆசாரி அல்லாத ஒருவர் உளி எடுத்தால் விட்டிருக்க மாட்டார்களே. என் தாத்தாவாக இருந்தால் நேரே வாசலுக்கே போய் நின்றிருப்பார்.

பூவரசு:

நின்றார்கள்! சாப்பர்ஸில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு கைத்தொழில் கற்க வேண்டும். இவருக்கு அமைந்தது தச்சு. 1975இல் வந்து பெரியம்மா கல்யாணத்துக்குக் கட்டில் செய்தபோது ஊர் ஆசாரி இரண்டு ஆண்டுகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ‘பட்டாளத்தில் மரம் அறுத்தவனெல்லாம் ஆசாரியா?’ என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறார். தாத்தா சண்டைக்குப் போகவில்லை. கூலிக்கு வேலை பிடிக்கவும் இல்லை. சொந்தக்காரர்களுக்கு மட்டும் செய்தார்.

பிறகு ஆசாரிக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஒப்புக்கொண்ட வீட்டு வேலை பாதியில் நிற்கிறது. அவரே ஆள் அனுப்பித் தாத்தாவை வரவழைத்து, ‘நிலையை மட்டும் முடித்துக் கொடு’ என்றார். தாத்தா ஆணி ஒன்றுகூட அடிக்காமல் கழுந்தும் துளையுமாகவே பொருத்தினார். ஆசாரி வந்து மூலையைக் கையால் தடவிப் பார்த்தார். நகத்தை விட்டுப் பார்த்தார், போகவில்லை. ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய், தன் கொட்டாப்புளியைப் பேரனிடம் கொடுத்தனுப்பினார். புளிய மரத்து வைரத்தில் கடைந்தது. இன்றைக்கும் வீட்டில் இருக்கிறது.

அதன் பின்னால் யார் வீட்டு நிலைக்கும் தாத்தா முதல் உளி போட மாட்டார். ஆசாரியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து அவர் கையால் தொடச்சொல்லி, பிறகுதான் தொடங்குவார்.

உளிச்சத்தம்:

நகத்தை விட்டுப் பார்த்தார் என்றீர்களே, அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கதை கட்டுகிறவருக்கு அது வராது. என் ஓட்டு பனியன் படத்துக்கு.

கோட்டைவாசல்:

படச் சண்டை இருக்கட்டும், பூவரசு. நடைமுறையைக் கொஞ்சம் பார்ப்போம். ஆயாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் மாற்ற வேண்டும். இறப்புச் சான்றிதழ் வந்ததும் ஓய்வூதியம் தரும் இடத்துக்குத் தெரிவியுங்கள். தாத்தாவின் ஓய்வூதிய ஆணை, டிஸ்சார்ஜ் புத்தகம், ஆயாவின் ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, படிவத்துக்கு உதவுவார்கள்.

முக்கியமாக, ராணுவப் பதிவில் ஆயாவின் பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். பெரும்பாலும் இடிப்பது அங்கேதான்.

ஆயாவின் வயது என்ன? 80 ஆனவர்களுக்கு 20 சதவீதம் கூடுதல், 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறு ஆனால் முழுதாக ஒரு மடங்கு. குடும்ப ஓய்வூதியத்துக்கும் இது உண்டு. பலர் கேட்டு வாங்குவதில்லை.

பூவரசு:

நன்றி ஐயா. ஆயாவுக்கு 84. பெயரில் நீங்கள் சொன்னதேதான் நடந்திருக்கிறது. தாத்தாவின் புத்தகத்தில் ஆயா வேறு யாரோ ஒரு வடநாட்டு அம்மாள் மாதிரி இருக்கிறாள்.

இந்தச் சதவீதக் கணக்கு தாத்தாவுக்கு மனப்பாடம். 90 முடிந்த மாதம் வங்கிப் புத்தகத்தில் கூடுதல் ஏறியதும், ‘இன்னும் பத்து வருஷம் போனால் இரட்டிப்பு, விடுவேனா’ என்றார். ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் என்று 2015இல் அறிவித்து, 2014 ஜூலையிலிருந்து கணக்குப் போட்டு நிலுவை கொடுத்தார்களே, அந்தப் பணத்தில் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரை மாற்றினார். மாமா டிவி வாங்கச் சொன்னார். ‘ஆடு டிவி பார்க்காது’ என்று முடித்துவிட்டார்.

நவம்பர் வந்தால் உயிர்ச் சான்றிதழ். விரல்ரேகை இயந்திரம் வந்த பிறகு அது பெரிய கூத்து. ஐம்பது அறுபது ஆண்டு இழைப்புளி பிடித்த கை, ரேகை எல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். இயந்திரம் பத்து விரலையும் ஏற்காது. அந்தப் பெண் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து அழுத்துவாள். ஒருமுறை தாத்தா அவளிடம், ‘அம்மா, இது நான் செத்துவிட்டேன் என்கிறதா, இல்லை பிறக்கவே இல்லை என்கிறதா?’ என்று கேட்டார். முகத்தைப் படம் பிடிக்கும் முறை வந்த பிறகுதான் தப்பித்தோம்.

இன்னும் ஒன்று. கடலை பிடுங்கிய பிறகு மண்ணில் தங்கிவிட்டதைப் பொறுக்கப் பிள்ளைகளாகிய நாங்கள் போவோம். மண்வெட்டியால் கொத்துவோம். தாத்தா மட்டும் ஒரு மெல்லிய கம்பியைச் சாய்வாக மண்ணில் இறக்குவார். நேராகக் குத்தவே மாட்டார். லேசாகத் தட்டுப்பட்டதும் நிறுத்தி, சுற்றியுள்ள மண்ணை விரலால் விலக்கி, கடலையை நோகாமல் எடுத்து மடியில் போட்டுக்கொள்வார். நாங்கள் கேலி செய்வோம். பழைய தம்பி ஐயா மேலே எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பழைய தம்பி:

நேராகக் குத்தினால் வெடியின் தலையில் அழுத்தம் விழும். சாய்வாக விட்டால் பக்கத்தில்தான் தட்டும். பெங்களூரில் முதல் நாளே மண்டையில் ஏற்றுவார்கள்.

என் ஓட்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் அம்மா. எந்தப் படமானாலும் போடுங்கள்.

பாலாற்று மணல்:

நான் மாற்றிக்கொள்ளவில்லை. சீருடைதான். ஆனால் கிணற்றடி அவர்களிடம் கொஞ்சம் சூடாகப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளவும்.

ஒற்றைப்பனை:

காரியம் முடிந்ததா? என்ன முடிவு செய்தீர்கள்?

பூவரசு:

நேற்று முடிந்தது. தாமதத்துக்கு மன்னிக்கவும், சமையல் பாத்திரம் திருப்பிக் கொடுக்கவே இன்று மதியம் ஆகிவிட்டது.

படம் முடிவானது இப்படி. கோட்டைவாசல் ஐயா சொன்னபடி காகிதங்களைத் தேடத் தாத்தாவின் கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் படை எண்ணும் பெயரும் அப்படியே இருக்கின்றன. உள்ளே மடக்கு அடிக்கோல், ஹார்லிக்ஸ் பாட்டிலில் பதக்கங்கள் (பச்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல், சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம், இன்னும் இரண்டு), அடியில் பழைய உறை ஒன்று. ஓய்வூதியத்துக்காக 1975இல் வேலூர் ஸ்டுடியோவில் எடுத்த இருவர் படத்தின் மிச்சப் பிரதி அதில் இருந்தது. தாத்தா வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான்வரை போட்டிருக்கிறார். பக்கத்தில் ஆயா, பட்டுப்புடவை, கேமராவை முறைத்துக்கொண்டு. இருவரும் சேர்ந்து எடுத்த ஒரே படம் அதுதானாம். அதுவும் அரசாங்கம் கேட்டதால்.

ஆயா அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘இதைப் போடு’ என்றாள். அத்தனை நாளில் அந்த விஷயத்தில் அவள் பேசியது அதுதான்.

உயிரோடு இருப்பவரை அஞ்சலிப் பலகையில் போடக்கூடாது என்று பெரியப்பா குதித்தார். பலகை அச்சடிக்கிற பையனும் தயங்கினான். கடைசியில் தாத்தாவை மட்டும் வெட்டி எடுக்கச் சொன்னோம். வெட்டினான். ஆனால் ஸ்டுடியோக்காரர் இருவரையும் அவ்வளவு நெருக்கி உட்காரவைத்திருக்கிறார், எங்கே வெட்டினாலும் ஆயாவின் தோள் கொஞ்சம் வந்துவிடுகிறது. ‘அழித்துவிடட்டுமா அக்கா, ஐந்து நிமிட வேலை’ என்றான் பையன். ஆயாவிடம் கேட்டேன். ‘இருக்கட்டும்’ என்றாள்.

கீழே எழுதியது பெயர், வயது, அவ்வளவுதான். மாமாவுக்குக் கொஞ்சம் குறைதான். பதக்கங்களைப் பலகைக்கு முன்னால் ஒரு தட்டில் வைத்துச் சமாதானம் செய்தோம்.

பலகை இன்னும் தெருமுனையில் நிற்கிறது. தாத்தாவின் இடது தோளுக்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் புடவைக் கரை தெரிகிறது. காலையில் பால் வாங்கப் போனபோது ஆயா அங்கே நின்று, புடவைத் தலைப்பால் அந்த ஓரத்துத் தூசியை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தாள்.